கறுப்புக் கடாவின் பன்னிரண்டு பீப்பாய்கள்

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு லோர்னா போன் செய்து, "நெவில், கண்ணாடியை மாட்டிக்கிட்டு வா. கெட்டுப்போனது என் கண்ணா, பீரான்னு தெரியணும்" என்றாள்.

என் வீட்டு வாசலுக்கும் கறுப்புக் கடாவின் வாசலுக்கும் நடுவே நாற்பது அடிதான். எங்கள் ஊரான டென்கிளஃபில் முன்பு மூன்று பப்கள் இருந்தன. 'நெசவாளர்' இப்போது ஆறு குடித்தனங்களாகிவிட்டது. 'கம்பளி'யில் நாய்களுக்கு முடி வெட்டுகிறார்கள். மிஞ்சியிருப்பது கறுப்புக் கடா மட்டும்தான். அது எந்தப் பெரிய கம்பெனிக்கும் கட்டுப்பட்டதில்லை. யார் நல்ல பீர் காய்ச்சுகிறார்களோ அவர்களிடம் லோர்னா ஹர்ஸ்ட் வாங்குவாள். சரியில்லை என்றால் அடுத்த வாரம் வேறு ஆளிடம் வாங்குவாள். பன்னிரண்டு வருடங்களாக அப்படித்தான் நடத்துகிறாள்.

பார் மேல் ஒரு கண்ணாடிக் குவளையில் பீர் இருந்தது. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். செம்பு நிறத்தில், எதிர்ப்பக்கம் தெரிய வேண்டிய பீர் அது. பார்லிக் கஞ்சி போல் இருந்தது.

"எந்தப் பீப்பாய்?"

"எல்லாம்."

"பன்னிரண்டுமா?"

"மூணுல எடுத்துப் பாத்தேன். நாலாவதுல எடுக்கத் தைரியம் வரல" என்றாள்.

அவள் பயந்ததற்குக் காரணம் உண்டு. மறுநாள் விட் வெள்ளி. எங்கள் மலையோரக் கிராமங்களில் வருடத்துக்கு ஒரு முறை வருகிற நாள். நாடெங்கிலுமிருந்து பித்தளை வாத்தியக் குழுக்கள் பேருந்துகளில் வந்து இறங்கும். ஒரு கிராமத்தில் தெருவில் வாசித்துக்கொண்டே அணிவகுத்துப் போவார்கள், திடலில் நின்று ஒரு பாட்டு வாசிப்பார்கள், உடனே பேருந்தில் ஏறி அடுத்த கிராமத்துக்கு ஓடுவார்கள். திடலில் நடுவர் ஒரு வண்டிக்குள் திரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். யார் வாசிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியக்கூடாது, காதால் மட்டும் மதிப்பெண் போட வேண்டும். மாலை நான்கு மணியிலிருந்து இருட்டும் வரை அறுபது குழுக்களாவது எங்கள் ஊருக்கு வரும். ஊதுகிறவர்களுக்கு வாய் உலரும். பார்க்க வருகிறவர்களுக்கும் உலரும். அந்த ஒரு நாள் வியாபாரம்தான் கறுப்புக் கடாவின் குளிர்காலத்தைத் தாங்குகிறது.

இந்த வருடம் அதற்கு மேலும் ஒன்று இருந்தது. ஜூலை முதல் தேதி கட்டடத்தின் குத்தகை முடிகிறது. அடுத்த ஐந்து வருடத்துக்கான தாள் பாருக்குப் பின்னால் ஓர் ஆணியில் கையெழுத்தில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. கேஸ் கட்டணம் ஏறிய ஏற்றத்துக்கும், மழையிலேயே கழிந்த வசந்த காலத்துக்கும் பிறகு லோர்னா ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். விட் வெள்ளி நன்றாகப் போனால் கையெழுத்துப் போடுவேன், போகாவிட்டால் சாவியைக் கொடுத்துவிடுவேன் என்று. அவள் ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான்.

பீப்பாயில் வருகிற பீரைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அது ஆலையிலிருந்து வரும்போது இன்னும் வேலை முடியாத பொருள். உள்ளே ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது, புளித்துக்கொண்டே இருக்கிறது. அதை முடித்து வைப்பது நிலவறையில் இருக்கிற ஆளின் வேலை. பீப்பாயைப் படுக்கப் போட்டு, மேலே உள்ள துளையில் நுண்துளை கொண்ட மர ஆப்பு ஒன்றைச் செருகுவோம். அதன் வழியாக வாயு நுரைத்து வெளியேறும். அடங்கியதும் கெட்டி ஆப்புக்கு மாற்றுவோம். ஆலையில் சேர்க்கிற மீன் பசை, ஈஸ்ட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு பீப்பாயின் வயிற்றுக்குள் மெதுவாக இறங்கும். குழாய் அந்த வண்டலுக்கு மேலே இருப்பதால் தெளிந்தது மட்டும் வெளியே வரும். இதற்கு வேண்டியது இரண்டே விஷயங்கள். பன்னிரண்டு டிகிரி குளிர்ச்சி, ஒரு முழு நாள் அசையாமல் இருத்தல். திறந்த பிறகு மூன்று நாளுக்குள் குடித்துவிட வேண்டும். அதனால் முன்கூட்டியே வாங்கி அடுக்கி வைக்கவும் முடியாது.

பீப்பாய்கள் திங்கள்கிழமை வந்தன. செவ்வாய் காலை ஆப்பு வைத்தோம். புதன் மதியம் குழாய் அடித்தோம். வியாழன் காலை தெளிந்திருக்க வேண்டும். குளிர்ச்சி சரியாக இருந்தது. லோர்னா ஆலைக்குப் போன் செய்து கேட்டாள். அதே தடவை காய்ச்சி வேறு நான்கு பப்களுக்குப் போன பீர் கண்ணாடி போலத் தெளிந்திருந்தது.

"அப்போ ஏதோ அதை அசைக்குது" என்றேன்.

"பேயா?"

"பேயா இருந்தா குடிச்சிருக்கும்."

நான் முப்பத்தெட்டு வருடம் தண்ணீர் நிறுவனத்தில் பம்பு பொருத்துநராக வேலை செய்தவன். பம்பு வேலையில் பாதி, நடுக்கம் எங்கிருந்து எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பதுதான். அதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். இரண்டு குவளைகளில் விளிம்பு வரை தண்ணீர் எடுத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கினேன். ஒன்றை ஐந்தாவது பீப்பாயின் முதுகில் வைத்தேன். இன்னொன்றைக் கல் தரையில் வைத்தேன். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் தண்ணீரின் முகத்தில் மயிரிழை அலைகூடத் தெரியும்.

நிலவறைக்கு நேர் மேலே இருப்பது பின்கூடம். மரத்தளம். "லோர்னா, அங்க நின்னு காலால மிதி" என்று கத்தினேன்.

தட், தட் என்று சத்தம் வந்தது.

"இன்னும் பலமா."

"நான் என்ன பசுமாடா?"

"மேவிஸோட வாத்தியக் கூட்டம் மிதிக்கிற மாதிரி மிதி."

மேல் தளம் அதிர்ந்தது. பீப்பாய் மேலிருந்த தண்ணீரில் வட்ட வட்டமாக அலை எழுந்தது. தரையிலிருந்த தண்ணீர் தூங்கிக்கொண்டிருந்தது.

அதாவது நடுக்கம் தரை வழியாக வரவில்லை, மேலிருந்து வருகிறது. மேலிருந்து வருவதற்கு ஒரு பாதை வேண்டும். தலையை நிமிர்த்தினேன். பீப்பாய்கள் படுத்திருக்கிற நீண்ட மரச்சட்டத்தை நாங்கள் கட்டில் என்போம். அந்தக் கட்டிலின் இரண்டு முனைகளிலிருந்தும் இரண்டு இரும்புக் கம்பிகள் எழும்பி, மேல் தளத்தின் உத்திரத்தில் திருகாணியால் இறுக்கப்பட்டிருந்தன. நல்ல கம்பிகள். அளவெடுத்து வெட்டி, முனை மடித்து, துருப்பிடிக்காமல் சிவப்புச் சாயம் பூசியவை. மார்ச் மாதம் அவற்றைப் போட்டவன் நான்.

 பிறகு படியேறினேன்.

"கண்டுபிடிச்சிட்டேன்" என்றேன்.

"யாரு?"

"நான்தான்."

 நான் சொன்னேன். கட்டிலின் ஒரு கால் குட்டையானது, அல்லது அந்த இடத்தில் கல் அமிழ்ந்துவிட்டது. எப்படியோ அது லேசாக ஆடியது. ஆட்டத்தை நிறுத்த நான் அதை உத்திரத்தோடு பிணைத்தேன். ஆட்டம் நின்றது. ஆனால் உத்திரம் என்பது பின்கூடத்தின் தரை. ஏப்ரலில் எங்கள் ஊர் வாத்தியக் குழுவின் கொட்டகைக் கூரை ஒழுக ஆரம்பித்ததும் அவர்கள் பின்கூடத்துக்குப் பயிற்சிக்கு வந்தார்கள். புதன் மட்டும், அதுவும் உட்கார்ந்து வாசித்தவரை ஒன்றும் தெரியவில்லை. இந்த வாரம் செவ்வாயும் புதனும் அணிநடைப் பயிற்சி. இருபத்தாறு பேர் நின்ற இடத்திலேயே ஒன்றாகக் கால் மிதித்தார்கள். நடுவில் பெரிய டிரம்.

"ஒரு மிதி விட்டா பரவால்ல. எல்லாரும் ஒரே தாளத்துல மிதிச்சா அந்த ஆட்டம் சேந்துக்கிட்டே போகும். ஊஞ்சலைச் சரியான நேரத்துல தள்ளுற மாதிரி. அது கம்பி வழியா இறங்கி..."

"நெவில்."

"என்ன?"

"மார்ச்சுல அந்தக் கம்பியக் காட்டி எனக்கு இருபது நிமிஷம் பாடம் எடுத்த. நான் ஒரு கிளாஸ்கூடக் கழுவ முடியல."

"ஞாபகம் இருக்கு."

"ரொம்ப அழகா இருக்குன்னு வேற சொன்னேன்."

"அழகாத்தான் இருக்கு" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. ஆனால் என்னைத் திட்டவும் இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு ஏட்ரியன் வந்தார். ஒரு பெரிய பான நிறுவனத்தின் பிரதிநிதி அவர். ஒவ்வொரு விட் வெள்ளிக்கும் முந்தின நாள் வந்து எட்டிப் பார்ப்பார். பார் மேலிருந்த கலங்கல் குவளையைப் பார்த்ததும் அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"பன்னிரண்டுமா?" என்று அவரும் அதையே கேட்டார்.

"பன்னிரண்டும்" என்றாள் லோர்னா.

"நான் பயமுறுத்த வரல. டிப்போலருந்து நாளைக்குக் காலைல ஒரு லாரி கிளம்புது. இருபது கெக் ஏத்தச் சொல்றேன். எங்க ஆளுங்களே வந்து குழாய் மாட்டிடுவாங்க. மதியத்துக்குள்ள ஊத்தலாம்."

கெக் என்பது வேறு வகை. அதில் வருகிற பீரை ஆலையிலேயே வடிகட்டி, ஈஸ்ட்டை நீக்கி அனுப்பிவிடுவார்கள். வாயுவின் அழுத்தத்தில் அது தானாக மேலே ஏறும், பீப்பாய் பீரைப் போல பாரிலுள்ள கைப்பம்பால் இழுக்க வேண்டியதில்லை. படியில் உருட்டிவிட்டாலும் ஒரு மணி நேரத்தில் ஊற்றலாம். அது மோசமான பொருள் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு நிலவறையில் யாரும் தேவையில்லை, அவ்வளவுதான்.

"அதுக்கு நான் என்ன தரணும்?" என்றாள் லோர்னா.

"மூணு வருஷம் எங்ககிட்ட மட்டும் வாங்கணும். அந்தக் கைப்பம்பு நாலையும் எடுத்துட்டு எங்க குழாய் வைப்போம். நாங்க உள்ள வந்தா குத்தகைக்கும் கை கொடுப்போம். நல்ல ஏற்பாடுதான், லோர்னா. மூடுறதுக்கு இது எவ்வளவோ மேல்."

"இதையே கலங்கல் பீர்னு சொல்லி வித்தா என்ன?" என்று நான் நடுவில் கேட்டேன். "மான்செஸ்டர்ல இப்ப அதுக்குத்தான் கூட விலை."

"அது கலங்கலாவே இருக்கணும்னு காய்ச்சினது. இது கலங்கிப்போனது" என்றாள் லோர்னா. "ரெண்டுக்கும் வித்தியாசம் தெரிஞ்சவங்க நாளைக்கு நானூறு பேர் வருவாங்க. தெரியாதவங்களுக்கும் நான் அதை ஊத்த மாட்டேன்."

ஏட்ரியன் ஒப்பந்தத் தாளையும் தன் அட்டையையும் பார் மேல் வைத்தார். "அஞ்சு மணிக்குள்ள சொல்லுங்க. அஞ்சுக்கு மேல லாரில இடம் இருக்காது."

அவர் போனதும் லோர்னா என் பக்கம் திரும்பினாள். "ஒரு தடவ கலங்கினது மறுபடி தெளியுமா?"

"தெளியும். மீன் பசைக்கு ரெண்டு மூணு தடவ வேலை செய்யத் தெம்பு இருக்கு. ஆனா மெதுவா நடக்கும். ஒரு நாள் முழுக்க ஒருத்தர் மூச்சுகூட அது மேல படக்கூடாது."

"நாளைக்கு நாலு மணி."

"தெரியும். அதான் இப்பவே இறங்குறேன்."

கம்பியை அறுத்துவிட முடியாது. ரம்பம் வைத்தால் அந்த நடுக்கமே போதும். இரண்டு கைகளிலும் இரண்டு ஸ்பேனர்கள் பிடித்து, ஒன்றால் திருகாணியை அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றதால் மரையைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் தளர்த்தினேன். கம்பி கழன்றுவிட்டால் கட்டில் பழையபடி ஆடும். அதனால் அதற்கு முன்பே குட்டைக் காலைச் சரி செய்ய வேண்டும். பம்புகளை நாங்கள் ஒருபோதும் தரையில் நேராக உட்கார வைப்பதில்லை, கீழே ரப்பர் வைப்போம். என் கொட்டகையில் கல்குவாரியில் கல்லைச் சுமந்து ஓடுகிற பழைய பட்டை ஒன்று கிடந்தது. விரல் கனம், உள்ளே நூல் ஓடிய ரப்பர். அதில் ஆறு கால்களுக்கும் ஆறு துண்டுகளும், குட்டைக் காலுக்குக் கூடுதலாக ஒன்றும் வெட்டினேன். கார் தூக்கும் ஜாக்கியைக் காலுக்கு அருகில் வைத்து, ஒரு நகக் கனம் மட்டும் உயர்த்தி, ரப்பரைச் செருகி, அதே மெதுவில் இறக்கினேன். லோர்னா டார்ச் பிடித்துக்கொண்டு, பீப்பாய் மேலிருந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அலை வருது" என்பாள். நான் நிறுத்துவேன்.

"போச்சு" என்பாள். நான் தொடர்வேன்.

நான்காவது காலில் அவள் சொன்னாள், "கட்டில்தான் ஆடுது, கால்ல எதையாவது செருகினா போதும்னு அன்னைக்கே உனக்குத் தோணலையா?"

"தோணுச்சு."

"அப்புறம்?"

"கம்பி செய்ய ஆசையா இருந்துச்சு."

இப்போதுதான் அவள் சிரித்தாள். காலுக்குக் கீழே வைக்க வேண்டியதைத் தலைக்கு மேலே கொண்டுபோய்க் கட்டியவன் நான். சிரிக்கட்டும்.

மூன்றரைக்கு வேலை முடிந்தது. லோர்னா மேலே போய்ப் பசுமாடு போல மிதித்தாள். இரண்டு குவளைகளிலும் தண்ணீர் தூங்கியது.

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவள் ஒரு பீப்பாயிலிருந்து அரை விரல் அளவு பிடித்துப் பார்த்தாள். கஞ்சிதான். ஒன்றரை மணி நேரத்தில் வேறெப்படி இருக்கும்? அந்தக் குவளையை ஏட்ரியனின் தாள் பக்கத்தில் வைத்தாள். இரண்டையும் பார்த்தபடி நின்றாள்.  தெளியும் என்று நான் நம்பினேன், ஆனால் மார்ச் மாதத்தில் அந்தக் கம்பியையும் அப்படித்தான் நம்பினேன்.

போனை எடுத்தாள். "ஏட்ரியன், லோர்னா பேசறேன். லாரில அந்த இடத்த வேற யாருக்காவது கொடுங்க." எதிர்ப்பக்கத்தில் அவர் ஏதோ சொன்னார். "தெரியும். நல்ல ஏற்பாடுதான். ஆனா கைப்பம்ப எடுத்துட்டா அப்புறம் நான் எதுக்கு இங்க? குழாயத் திருகத் தெரிஞ்ச யாரு வேணா நிக்கலாமே."

அன்று மாலை பின்கூடத்தைப் பூட்டிவிட்டோம். முன்கூடத்தில் புட்டியில் அடைத்தது மட்டும்தான் என்று எழுதிப் போட்டாள். எப்போதும் வருகிற பதினைந்து பேரும் வந்தார்கள். விஷயம் பரவியிருந்தது. மேய்ச்சல்காரர்கள் சேறு படிந்த பூட்ஸ்களை வாசலில் வரிசையாக விட்டு, காலுறையோடு மெல்ல நடந்து உள்ளே வந்து, புட்டியை வாங்கிக்கொண்டு மெல்ல நடந்து வெளியே போய் மதில் மேல் உட்கார்ந்து குடித்தார்கள். யாரும் அவர்களிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஒரு ஆளுடைய காலுறையில் இரண்டு விரல்கள் வெளியே தெரிந்தன. அதைப் பற்றி மட்டும் ஒரு மணி நேரம் பேசினார்கள்.

வெள்ளிக்கிழமை வெயில் அடித்தது. இரண்டரை மணிக்கு லோர்னா கைப்பம்பின் கைப்பிடியைப் பிடித்தாள். முதல் இழுப்பில் வருவது குழாயில் கிடந்த பழையது, அதைக் கொட்டிவிட்டாள். இரண்டாவதும் கொட்டினாள். மூன்றாவதை முழுப் பைண்ட் குவளையில், அவசரமில்லாமல், மூன்று நீண்ட இழுப்பில் நிரப்பினாள். நுரை மேலே ஏறுகிறவரை இருவரும் காத்திருந்தோம். எடுத்துக்கொண்டு போய் ஜன்னலில் பிடித்தாள்.

குவளை வழியாகப் பார்த்தாள். "முன்னூத்தி ஐம்பது" என்றாள்.

எதிரே வந்து நின்ற பேருந்தின் எண் அது.

அப்போது மேவிஸ் உள்ளே வந்தாள். டென்கிளஃப் வாத்தியக் குழுவை நடத்துகிறவள் அவள். பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு போடுகிற வேலையில் இருபது வருடம் இருந்தவள், அந்தக் குரலுக்கு முந்நூறு பிள்ளைகள் அடங்குவார்கள். குழுவின் நீலக் கோட்டு போட்டிருந்தாள். முகம் சரியில்லை.

"ராத்திரிதான் கேள்விப்பட்டேன். எங்களாலதானாமே."

"நெவிலால" என்றாள் லோர்னா.

"என்னாலதான்" என்றேன் நானும்.

"எப்படியோ, கேட்டுக்கோ. நாங்கதான் முதல் குழு, நாலு மணிக்கு. எப்பவும் உன் வாசல்லருந்துதான் டிரம் அடிச்சுக் கிளம்புவோம். இந்தத் தடவ சத்தமில்லாம நடந்து போறோம். தேவாலயம் தாண்டி வாசிக்க ஆரம்பிக்கிறோம். எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

எங்கள் குழு கறுப்புக் கடாவின் வாசலிலிருந்து வாசித்துக்கொண்டு கிளம்பாத விட் வெள்ளியை நான் பார்த்ததில்லை. அதை விட்டுக்கொடுப்பது மேவிஸுக்கு என்ன விலை என்று அங்கிருந்த மூவருக்கும் தெரியும்.

லோர்னா குவளையை அவள் கையில் கொடுத்தாள். "குடிச்சுப் பாரு."

மேவிஸ் முதலில் வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு குடித்தாள். பாதியைக் குடித்துவிட்டுத்தான் நிறுத்தினாள்.

"வாசல்லருந்தே கிளம்பு" என்றாள் லோர்னா. "ரான்னிகிட்ட டிரம்ம நல்லா அடிக்கச் சொல்லு. இங்க இருக்கறது பப். ஆஸ்பத்திரி இல்ல."

"தாங்குமா?"

லோர்னா என்னைப் பார்த்தாள். நேற்று காலையிலிருந்து அப்படி ஒரு பார்வையை நான் அவளிடம் எதிர்பார்க்கவில்லை. "அவன் ரப்பர் வச்சிருக்கான். கேட்டா விளக்குவான். கேக்காத, நாலு மணி ஆயிடும்."

பின்கூடத்தைத் திறந்தோம். மூன்றே முக்காலுக்கு முன்கூடம், பின்கூடம், முற்றம், மதில் எல்லாம் ஆட்கள். நான் நிலவறைக்கு இறங்கினேன். வேறு வழியில்லை. மேலே இருந்தால் கைப்பம்பைப் பார்ப்பேன், குவளைகளைப் பார்ப்பேன், ஆனால் தெரிய வேண்டியது தெரியாது. ஐந்தாவது பீப்பாயின் முதுகில் விளிம்பு வரை தண்ணீர் வைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு தலைகீழாகக் கவிழ்த்த ஒரு கூடை மேல் உட்கார்ந்தேன். பிறந்ததிலிருந்து பார்த்து வருகிற அணிவகுப்பு. அறுபத்தேழு வருடத்தில் முதல் தடவையாக அதைப் பார்க்காமல் கேட்டேன்.

டிரம் மூன்று முறை தனியாக அடித்தது. நெஞ்சுக்கூட்டில் விழுகிற அடி. பிறகு பித்தளை முழுவதும் ஒன்றாகத் திறந்தது. அதே நொடியில் என் தலைக்கு மேல் பின்கூடத்தில் நின்றவர்கள் எல்லோரும் ஜன்னல் பக்கம் பாய்ந்தார்கள். தளத்திலிருந்து தூசி உதிர்ந்தது. காலால் தாளம் போட ஆரம்பித்தார்கள். இருபத்தாறு பேரின் மிதி அன்றைக்கு. இப்போது நூறு பேரின் மிதி. உத்திரம் முனகுவது எனக்குக் கேட்டது. அதிலிருந்த இரண்டு காலித் துளைகளையும் பார்த்தேன்.

தண்ணீர் அசையவில்லை. டார்ச்சின் வெளிச்சம் அதில் ஒரு நாணயம் போல வட்டமாக, உடையாமல் கிடந்தது.

அதற்குள் இன்னொன்று தொடங்கியிருந்தது. பீப்பாய்களிலிருந்து மேலே போகிற குழாய்கள் மெல்லியவை. மேலே கைப்பிடியை இழுக்கும்போது கீழே அந்தக் குழாய் ஒரு தடவை சிலிர்க்கும். எந்தப் பம்பை இழுக்கிறார்கள் என்று அதைப் பார்த்தே சொல்லலாம். இரண்டாவது குழாய் சிலிர்த்தது. பிறகு முதலாவது. நாலாவது. பிறகு நான்கும் மாறி மாறி, நிற்காமல், ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். மேலே குழு மாறிக் குழு வந்தது. வேல்ஸிலிருந்து ஒன்று, ஸ்காட்லாந்திலிருந்து ஒன்று, எங்கிருந்து என்று தெரியாத ஒன்று மிக அழகாக வாசித்துவிட்டுப் போனது. கலங்கல் என்று யாருமே குவளையைத் திருப்பித் தரவில்லை. தந்திருந்தால் லோர்னாவின் குரல் கேட்டிருக்கும்.

ஆறரைக்குப் படியின் மேல் கதவு திறந்தது. வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக உள்ளே விழுந்தன. லோர்னா எட்டிப் பார்த்தாள். முகம் சிவந்து, தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது.

"ஏட்ரியன் வந்திருக்காரு."

"என்ன வேணுமாம்?"

"ரெண்டாவது பைண்ட். வரிசைல நிக்கறாரு." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "மூணாவது பீப்பாய் மெதுவாயிடுச்சு. சாய்க்கறியா?"

"சாய்க்கறேன்."

"அப்புறம் மேல வா. உனக்கு ஒண்ணு ஊத்தி வச்சிருக்கேன். வரும்போது பேனா இருந்தா எடுத்துட்டு வா. இங்க சாக்பீஸ்தான் இருக்கு, ஆணில தொங்குற அந்தத் தாள்ல சாக்பீஸால கையெழுத்துப் போட முடியாது."

கதவு மூடிக்கொண்டது.

பீப்பாயில் மூன்றில் இரண்டு பங்கு போன பிறகு அதன் பின்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும். இல்லையென்றால் மிச்சமிருக்கிற நல்ல பீர் குழாய்க்கு எட்டாது. சட்டென்று உயர்த்தினால் வண்டல் எழுந்துவிடும். மேலே இழுத்துக்கொண்டிருக்கும்போதே, அந்த இழுப்பின் போக்கிலேயே, பீப்பாயின் பின்னடியில் செருகிய மர ஆப்பை மயிரிழை மயிரிழையாக உள்ளே தள்ள வேண்டும். நான் மூன்றாவது பீப்பாயின் அடியில் உள்ளங்கையை வைத்தேன். அடுத்த குழு டிரம்மைத் தொடங்கியது. குழாய் சிலிர்த்தது. அவசரமே இல்லாமல் தள்ள ஆரம்பித்தேன். என் சட்டைப் பையில் பேனா இருந்தது.